டர்பன் கடற்கரை யாருடையது?

எங்கள் வீடுகளில் 'டூர்' என்றால் பள்ளிக்கூடத்தில் பணம் கட்ட முடியாமல் விட்டுப்போன ஒன்று என்றுதான் பொருள். பிறகு இயக்கத்துக்கு வந்தோம், ஊர் ஊராகப் போனோம். ஆனால் போனதெல்லாம் வன்கொடுமை நடந்த ஊர்களுக்கு, உண்மை அறியும் குழுவாக. எரிந்த குடிசையையும் காவல் நிலையத்தையும் அரசு மருத்துவமனையின் பிணவறை வாசலையும் பார்த்துவிட்டுத் திரும்புவோம். ஒரு ஊரைச் சும்மா பார்ப்பதற்கென்றே போய் நின்ற அனுபவம் எங்கள் நான்கு பேருக்குமே குறைவு. அதனால்தான், தூய்மைப் பணியாளர் உரிமை பற்றிய ஒரு பயிலரங்குக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குப் போனபோது, கடைசியில் மிச்சமிருந்த இரண்டு நாட்களையும் சுற்றுலாப் பயணிகளாகவே கழிப்பது என்று முடிவு செய்தோம். அந்த முடிவில் எங்களுக்குள் ஒருவருக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சி. மற்ற மூவருக்கும் இல்லை.

டர்பனுக்கு வருகிறவர்கள் முதலில் போவது 'கோல்டன் மைல்' கடற்கரைக்கு. பெயர்தான் மைல். வடக்கே உம்கேனி ஆறு கடலில் சேரும் இடத்திலிருந்து தெற்கே துறைமுக வாய் வரை நடைபாதை சுமார் 8 கிலோமீட்டர் நீள்கிறது. இந்தியப் பெருங்கடல்தான், தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது. அலைச்சறுக்குப் பலகையோடு ஓடும் பிள்ளைகள், மணலில் சிங்கமும் முதலையும் செய்துவிட்டுக் காசுக்காகக் காத்திருப்பவர்கள், குழந்தைகள் இறங்கி விளையாடுவதற்கென்று கட்டிய ஆழமில்லாத குளங்கள். சுறா வராமலிருக்க 1952 முதலே கடலுக்குள் வலை கட்டுகிறார்கள். தெற்கு முனையில் 2004இல் திறக்கப்பட்ட 'உஷாக்கா மரைன் வேர்ல்டு' இருக்கிறது. தரைதட்டிக் கிடக்கும் பழைய சரக்குக் கப்பல் போல ஒன்றைக் கட்டி, அதன் வயிற்றுக்குள் மீன் காட்சியகத்தை வைத்திருக்கிறார்கள். நன்றாகவே இருக்கிறது. சுறாக்களைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் நின்றோம். 2010 உலகக் கோப்பைக் கால்பந்துக்காகக் கட்டிய மைதானத்தின் மேலே 106 மீட்டர் உயரத்துக்கு ஒரு வளைவு எழுந்து நிற்கிறது. அந்த மைதானத்துக்கு மோசஸ் மபிடாவின் பெயர். அவர் கம்யூனிஸ்ட், தொழிற்சங்கத் தலைவர். நம் ஊரில் மைதானங்களுக்கு யார் பெயர் வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டோம்.

ரிக்ஷாதான் எங்களை இரண்டாகப் பிரித்தது. கடற்கரைச் சாலையில் சூலு இனத்து ஆண்கள், மாட்டுக் கொம்புகளும் மணிகளும் வைத்துத் தைத்த பெரிய தலையணியோடு, வண்ணம் பூசிய கைவண்டிகளை இழுக்கிறார்கள். டர்பன் விளம்பரப் படங்களில் அவர்கள் தவறாமல் இருப்பார்கள். பலரும் இதை ஆப்பிரிக்கப் பண்பாடு என்று நினைத்துப் படமெடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் 1890களில் மார்ஷல் கேம்ப்பெல் என்ற கரும்புத் தோட்ட முதலாளி ஜப்பானிய வண்டியை இங்கே கொண்டுவந்து இறக்கினார். இழுப்பதற்குக் கறுப்பின ஆண்கள் கிடைத்தார்கள். தலையணி அழகும் போட்டியும் பின்னால் சேர்ந்தவை. தமிழ்நாட்டில் மனிதரை மனிதர் இழுக்கும் கை ரிக்ஷா 1973இல் ஒழிக்கப்பட்டது, அதனால் ஏற மாட்டோம் என்றோம் நாங்கள் இருவர். "நீங்க ஏறாட்டி அவருக்கு இன்னைக்குச் சாப்பாடு குறையும், அவ்வளவுதான் நடக்கும்" என்றார் எங்களில் ஒரு தோழர். இந்த வாதம் இன்னும் முடியவில்லை. ஏறாமல், வண்டியோடு நின்று படமெடுத்துக்கொண்டு, சவாரிக்கான பணத்தைக் கொடுத்தோம். வண்டிக்காரர் சிரித்தார். எதற்குச் சிரித்தார் என்பதிலும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு.

இந்தக் கடற்கரையைப் பற்றி இளைய தோழர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. இங்கே ஒரு பலகை இருந்தது. டர்பன் கடற்கரைத் துணைவிதிகளின் 37ஆம் பிரிவின்படி இந்தக் குளிக்கும் பகுதி வெள்ளை இனத்தவருக்கு மட்டுமே என்று ஆங்கிலம், ஆப்பிரிகான்ஸ், சூலு ஆகிய மூன்று மொழிகளில் எழுதியது. 1989இல் எடுத்த அதன் புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. தமிழில் எழுதவில்லை, ஆனால் தமிழருக்கும் சேர்த்துத்தான். தென்னாப்பிரிக்க நாடாளுமன்றம் 1953இல் தனித்தனி வசதிகள் சட்டத்தை நிறைவேற்றியது. பேருந்து, பூங்கா, கழிப்பறை, நூலகம் எல்லாவற்றையும் இனவாரியாகப் பிரிக்கலாம், பிரித்தவை சமமாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை என்று அந்தச் சட்டம் வெளிப்படையாகவே சொன்னது. 1960இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து கடலையும் கடற்கரையையும் அதில் சேர்த்தார்கள். ஓட்டல்களும் குளங்களும் உயிர்காக்கும் காவலர்களும் நிறைந்த நடுப்பகுதி வெள்ளையருக்கு. இந்தியருக்கும் கறுப்பருக்கும் ஒதுக்கியவை அதற்கு அப்பால்.

1989இல் மக்கள் விதியை மீறிக் கூட்டமாக வெள்ளையர் கடற்கரைகளில் இறங்கினார்கள். போராட்டம் என்றால் அவ்வளவுதான், கடலில் இறங்கிக் குளிப்பது. அதைப் படித்தபோது எங்களுக்கு நினைவு வந்தது மகாத். 1927 மார்ச் 20ஆம் தேதி அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கி ஒரு கை தண்ணீரை அள்ளிக் குடித்தார். பின்னாலேயே ஆயிரக்கணக்கானவர்கள் குடித்தார்கள். அவர்கள் போன பிறகு சாதி இந்துக்கள் சாணியும் கோமியமும் ஊற்றிக் குளத்தைத் 'தூய்மை' செய்தார்கள். குளம் எங்களுக்கும் உரியது என்று பம்பாய் உயர்நீதிமன்றத் தீர்ப்பு வர 1937 ஆயிற்று. டர்பனில் 1989 நவம்பரில் ஜனாதிபதி டி கிளார்க் கடற்கரைகளைத் திறந்துவிடச் சொன்னார். அடுத்த ஆண்டு சட்டமே நீங்கியது.

பலகை போனதும் எல்லாம் போய்விட்டதா என்றால், இல்லை. 2016 புத்தாண்டில் குவாசூலு-நட்டால் கடற்கரைகளில் கறுப்பின மக்கள் குடும்பம் குடும்பமாகக் கூடியதைப் பார்த்துவிட்டு, ஒரு வெள்ளையின வீட்டுமனைத் தரகர் அவர்களைக் குரங்குகள் என்று முகநூலில் எழுதினார். குப்பை போடுகிறார்கள் என்பது அவருடைய வருத்தம். படித்தவுடன் எங்களுக்கு மும்பை தாதர் ஞாபகம் வந்துவிட்டது. அங்கும் கடற்கரைதான். ஒவ்வொரு டிசம்பர் 6ஆம் தேதியும் சைத்யபூமிக்கு லட்சக்கணக்கில் வரும் நம் மக்களைப் பார்த்து, ஊர் அசுத்தமாகிறது என்று அலுத்துக்கொள்ளும் குரலை நீங்களும் கேட்டிருப்பீர்கள். வித்தியாசம் என்னவென்றால், தென்னாப்பிரிக்காவில் சமத்துவ நீதிமன்றம் என்று ஒன்று இருக்கிறது. அந்தத் தரகருக்கு அது 150,000 ராண்ட் கட்டச் சொன்னது.

இரண்டாம் நாள் எங்களோடு வந்தவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. எழுபதைத் தாண்டியவர். அங்கே தமிழ் வம்சாவளிப் பெரியவர்களை 'ஆன்ட்டி' என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். பேச்சு ஆங்கிலம். இடையிடையே ஆயா, சோறு, தண்ணி என்று சில சொற்கள் வந்து விழும். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை அவர் 'பாரிஜ் பிரேயர்' என்றார். முதலில் எங்களுக்குப் புரியவில்லை, புரிந்ததும் சிரிப்பு தாங்கவில்லை.

ஆன்ட்டி பிறந்தது மேகசின் பேரக்ஸில். டர்பன் மாநகராட்சியில் வேலை பார்த்த இந்தியத் தொழிலாளர்களுக்கான குடியிருப்பு அது. தெருக் கூட்டுவது, குப்பை அள்ளுவது, மலம் அள்ளுவது என நகரத்தைச் சுத்தமாக வைத்திருந்தவர்களும் அவர்கள் குடும்பங்களும் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். பெரும்பாலும் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். இடம் கடற்கரைக்கு மிக அருகே. அலைச் சத்தம் வீட்டுக்குள் கேட்குமாம். ஆன்ட்டியின் அப்பாவுக்குக் கடற்கரைச் சாலையில் கூட்டும் வேலை.

"அப்பா தினமும் விடியும் முன்னே இங்கேதான் இருப்பார். துடைப்பத்தோடு வந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை என்னைத் தூக்கிக்கொண்டு வந்தால் போலீஸ் வரும்" என்றார். நாங்கள் நின்றிருந்தது குழந்தைகள் குளத்தின் ஓரம். அதைக் காட்டி, "இதை அவர்தான் சுத்தம் செய்வார். ராத்திரி வந்து, தண்ணீர் எவ்வளவு நீலமாக இருக்கும் தெரியுமா என்று எங்களுக்குக் கதை சொல்வார்" என்றார்.

இதற்கு மேல் நாங்கள் விளக்க வேண்டியதில்லை. கோயில் தெருவைக் கூட்டலாம், தேருக்கு வடம் பிடிக்கக் கூடாது. பள்ளிக்கூடக் கழிப்பறையைக் கழுவலாம், சத்துணவு சமைக்கக் கூடாது. நம் ஊர்க் கதைகளை நீங்கள் அறிவீர்கள்.

1960களில் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ் மேகசின் பேரக்ஸைக் காலி செய்து, அந்த மக்களைக் கடலிலிருந்து வெகு தொலைவில் சாட்ஸ்வொர்த் என்ற புதுக் குடியிருப்பில் கொண்டுபோய் இறக்கினார்கள். வெள்ளையர் பகுதிக்கும் உம்லாசி என்ற கறுப்பர் நகருக்கும் நடுவில், இடைச்சுவர் போல ஒரு நிலத்தில். வேலை நகரத்தில், வீடு மலைக்கு அப்பால், சம்பளத்தில் ஒரு பங்கு பேருந்துக்கு. சென்னைக் கூவம் கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போனவர்களோடு வேலை செய்திருக்கிறோம். எங்களுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை.

இனி சாதிக்கு வருகிறோம். ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு, 1860 நவம்பர் 16ஆம் தேதி டர்பனுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்தது. 1911 வரை இப்படி வந்தவர்கள் 152,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாக வந்தார்கள். வட ஆற்காடு, செங்கல்பட்டு, சேலம், திருச்சி, விசாகப்பட்டினம் மாவட்டத்துக்காரர்கள். 5 ஆண்டு ஒப்பந்தம், முதல் ஆண்டுக் கூலி மாதம் 10 ஷில்லிங். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, ஊர், உயரம், உடம்பில் உள்ள தழும்பு எல்லாவற்றையும் கப்பல் பட்டியலில் எழுதினார்கள். அதில் சாதிக்கும் ஒரு கட்டம். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் இந்தப் பட்டியல்களைத் தரவுத்தளமாக்கி வைத்திருக்கிறது. சமூகவியல், வரலாறு படிக்கும் மாணவர்கள் யாராவது இதில் இறங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். பக்கத்துக்குப் பக்கம் 'பறையர்' என்று வருகிறது. நம் பாட்டன் பூட்டன்களின் பெயரை ஆதிக்கச் சாதிக்காரர் யாரும் அக்கறையோடு எழுதிவைத்ததில்லை. வெள்ளைக்காரன் எழுதினான், சரக்குக் கணக்குக்காக.

ஆனால் டர்பன் கடைப் பலகைகளைப் பாருங்கள். கவெண்டர், மூட்லி, பிள்ளை, நாயுடு, படையாச்சி, ரெட்டி, செட்டி. நம் ஊரில் சாதிப் பட்டமாக இருப்பவை அங்கே குடும்பப் பெயர்கள். நாங்கள் பார்த்த பலகை எதிலும் எங்கள் சாதி தெரியும் பெயர் இல்லை. அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் எல்லாம் எங்கே போனார்கள்? ஆன்ட்டியின் குடும்பப் பெயரும் இந்தப் பட்டங்களில் ஒன்றுதான். சில ஆண்டுகளுக்கு முன் அவர் இந்திய வம்சாவளி அட்டைக்கு விண்ணப்பித்தார். மூதாதையர் இந்தியாவிலிருந்து வந்ததற்குச் சான்றாகக் கப்பல் பட்டியல் நகல் தேவைப்பட்டது. எடுத்துப் பார்த்தால், தாத்தாவின் அப்பா பெயருக்கு எதிரே இருந்தது பட்டத்துக்குரிய சாதி இல்லை. கப்பலிலிருந்து இறங்கிய பிறகு எப்போதோ, யாரோ ஒருவர் பெயரை மாற்றிக்கொண்டிருக்கிறார். "புத்திசாலி" என்று சொல்லிச் சிரித்தார் ஆன்ட்டி.

எங்களுக்கும் அந்த முன்னோர் மீது மரியாதைதான். கரும்புக் காட்டு லைன் வீட்டில் எல்லோரும் ஒரே வரிசையில் அடைக்கப்பட்டபோது, யார் தொட்ட தண்ணீரை யார் குடிப்பது என்று பார்க்க முடியாமல் போனது. தீட்டு அங்கே செத்தது யாருடைய நல்ல மனதாலும் அல்ல, தனியாக ஊரும் சேரியும் கட்ட இடம் இல்லாததால். ஆனால் தப்பித்த வழி மேல்சாதிப் பெயர் வழியாக இருந்தது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. சாதி தெரியாத பேரப்பிள்ளைகள் இன்று பட்டத்தைச் சுமக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அதன் பொருளே தெரியாது. அப்படித் தெரியாமல் இருப்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

டர்பன் என்றதும் எல்லோரும் காந்தியைச் சொல்வார்கள். 1904இல் அவர் தொடங்கிய பீனிக்ஸ் குடியிருப்பு ஒரு சுற்றுலாத் தலம். டர்பன் தபால் நிலையத்தில் வெள்ளையருக்கு ஒரு வாசல், மற்ற எல்லோருக்கும் ஒரு வாசல் என்று இருந்ததை எதிர்த்து அவருடைய நட்டால் இந்தியக் காங்கிரஸ் மனுக் கொடுத்தது. இந்தியருக்கு மூன்றாவதாக ஒரு தனி வாசல் கிடைத்தது. மகாத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பீனிக்ஸ் என்ற பெயரில் இன்று ஒரு பெரிய இந்தியர் குடியிருப்பும் இருக்கிறது. 2021 ஜூலைக் கலவரத்தின்போது, சொத்தைக் காக்கிறோம் என்று சொல்லித் தெருக்களை மறித்து நின்றவர்களால் அங்கே 30க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். 1949 ஜனவரியில் டர்பனில் இந்தியருக்கு எதிராக வெடித்த கலவரத்தில், அரசுக் கணக்குப்படி 142 பேர் இறந்தார்கள். அதில் இந்தியரைவிடக் கறுப்பர்களே அதிகம். ஆன்ட்டியிடம் 2021 பற்றிக் கேட்டோம். "எங்கள் பிள்ளைகள் செய்தது" என்றார். மேலே பேசவில்லை. கூலியின் பேரன் கையில் துப்பாக்கி வந்ததும் அவன் யாரைச் சுட்டான் என்பதைத் தலித் அரசியல் பேசும் நாம் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. நமக்குக் கீழே யாரோ இருக்கிறார்கள் என்று நம்பவைப்பதுதான் படிநிலைச் சமத்துவமின்மை என்று அண்ணல் சொன்னதன் சாரம். அது கடல் கடந்தும் வேலை செய்கிறது.

மதியம் பன்னி சௌ சாப்பிட்டோம். பாதி ரொட்டியைக் குடைந்து அதற்குள் குழம்பு ஊற்றித் தருவது. உணவகத்துக்குள் உட்கார அனுமதி இல்லாதவர்களுக்குப் பின்வாசலில் இப்படிக் கட்டிக் கொடுத்தார்கள் என்று ஒரு கதை சொல்கிறார்கள், வேறு கதைகளும் உண்டு. ஆட்டுக்கறிக் குழம்பு எங்கள் ஊர் மாதிரியே காரம். ரொட்டித் தட்டு எங்களுக்குப் பழக்கமில்லை, சட்டையெல்லாம் குழம்பு.

சாப்பிட்டுவிட்டு மாநாட்டு மையம் முன்னால் போய் நின்றோம். சுற்றுலா வரைபடத்தில் அது ஒரு சாதாரணக் கட்டடம். 2001 ஆகஸ்ட் 31 முதல் செப்டம்பர் 8 வரை அங்கேதான் ஐ.நா.வின் இனவெறி எதிர்ப்பு உலக மாநாடு நடந்தது. தலித் மனித உரிமைகளுக்கான தேசிய இயக்கத்தின் முன்முயற்சியில் நம் தோழர்கள் பெரும் அணியாக வந்திறங்கினார்கள். பறையடித்தார்கள், ஊர்வலம் போனார்கள், பார்க்கிறவர்களிடமெல்லாம் பேசினார்கள். சாதியை 'தொழில், பிறப்பு வழிப் பாகுபாடு' என்ற பெயரிலாவது அரசுகளின் பிரகடனத்தில் சேர்க்க வேண்டும் என்பது கோரிக்கை. சாதி இனம் அல்ல, அது எங்கள் உள்நாட்டு விஷயம் என்று இந்திய அரசு நின்றது. தொண்டு நிறுவனங்களின் பிரகடனத்தில் சாதி இடம்பெற்றது. அரசுகளின் பிரகடனத்தில் இடம்பெறவில்லை. நிறவெறி அரசும் ஒரு காலத்தில் உள்நாட்டு விஷயம் என்றுதான் சொன்னது. அதை ஏற்க மாட்டோம் என்று 1946இலேயே ஐ.நா.வுக்குப் போன நாடு இந்தியா. மறு ஆண்டு, 2002இல், இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு தன் 29ஆம் பொதுப் பரிந்துரையில் பிறப்புவழிப் பாகுபாட்டுக்குள் சாதியும் அடங்கும் என்று சொன்னது. டர்பனில் தோற்றோம் என்று சொல்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

இந்தக் கதையை ஆன்ட்டிக்குச் சொன்னோம். அவருக்கு 2001 மாநாடு ஞாபகம் இருந்தது, போக்குவரத்து நெரிசலால். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "உங்கள் ஊரில் பலகையை எங்கே மாட்டியிருந்தார்கள்?"

பலகை இல்லை என்றோம். டீக்கடைத் தனிக் குவளையைச் சொன்னோம், சுடுகாட்டுப் பாதையைச் சொன்னோம், வாடகைக்கு வீடு கேட்கும்போது "நீங்க எந்த ஊரு, அதுல எந்தத் தெரு" என்று கேட்பதைச் சொன்னோம். "எழுதாமலேயா?" என்றார். ஆமாம் என்றோம். அவர் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போது எதைப் பிடுங்குவீர்கள்?" என்றார்.

எங்களில் ஒருவர் சட்டங்களைச் சொல்லத் தொடங்கினார். 17ஆவது பிரிவு, 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். அதே 1989. இன்னொருவர் அவரை நிறுத்தி, ஆன்ட்டிக்கு ஐஸ்கிரீம் வாங்கப் போனார்.

கிளம்பும் நாள் காலை 5 மணிக்கு மறுபடி கடற்கரைக்குப் போனோம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்தப் பகுதியில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கழிவுநீர்க் கட்டமைப்பு உடைந்து கடலில் கலந்ததால் கடற்கரைகளைப் பல முறை மூட வேண்டியிருந்தது என்று பயிலரங்கில் கேட்டிருந்தோம். யார் சுத்தம் செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க ஆசை. நடைபாதையைக் கூட்டிக்கொண்டிருந்தவர்கள் கறுப்பினப் பெண்கள். கையுறை இருந்தது, பூட்ஸ் இருந்தது. ஒரு பெண்ணிடம், வேலை நேரத்தில் கழிப்பறைக்கு எங்கே போவீர்கள் என்று கேட்டோம். எங்கள் பயிலரங்கின் முதல் கேள்வியே அதுதான். அவர் எங்களை விநோதமாகப் பார்த்துவிட்டு, பின்னால் இருந்த கட்டடத்தைக் காட்டினார். கடலில் குளித்துவிட்டு வருகிறவர்களுக்கான கழிப்பறையும் குளியலறையும் அது. முந்தின நாள் நாங்கள் கால் கழுவியதும் அங்கேதான். நீங்களும் அங்கேயா என்று உறுதிப்படுத்திக் கேட்டோம்.

"வேறே எங்கே?" என்று கேட்டுவிட்டு அவர் வேலையைத் தொடர்ந்தார்.